உழக்கை மட்டும் ஒரு தடவை எடை போடுங்கள்

கேள்வி: வணக்கம் மேடம். வயது 34, உயரம் 170 செ.மீ., எடை 82 கிலோ. ஐ.டி. வேலை. சென்னையில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தபோது ஓட்ஸ், பிரெட், முட்டை, பாக்கெட் தயிர் என்று எல்லாவற்றையும் கலோரிக் கணக்கு ஆப்பில் பதிந்து எட்டு கிலோ குறைத்தேன். வீட்டிலிருந்தே வேலை என்றானதும் திருவையாறு பக்கத்தில் எங்கள் கிராமத்துக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. அம்மா சமையல், ஆறு பேர் சாப்பிடுகிறோம். ஆப் தினமும் 1750 கலோரிதான் காட்டுகிறது, ஆனால் எடை இரண்டரை கிலோ கூடிவிட்டது. 'சாம்பார் ஒரு கப்' என்று தேடினால் 60 முதல் 250 வரை என்னென்னவோ வருகிறது. சாதம் இரண்டு கப் 400, காபி ஒன்று 60, எண்ணெய் வேளைக்கு ஒரு டீஸ்பூன் என்று போட்டுக்கொண்டிருக்கிறேன். பால் வீட்டு எருமைப் பால், மூன்று வேளை காபி. மாதம் ஐந்து லிட்டர் கடலை எண்ணெய், இரண்டு லிட்டர் நல்லெண்ணெய், அரை கிலோ நெய் ஆகிறது. தராசு வாங்கி வந்ததற்கு அம்மா, 'நான் போடுற சோத்தை எடை போட்டுத்தான் சாப்பிடுவியா' என்று இரண்டு நாள் பேசவில்லை. மாப்பிள்ளைச் சம்பாவுக்கு மாறினால் கலோரி குறையுமா? அப்பாவுக்குச் சர்க்கரை, அவருக்கும் சேர்த்து சாதத்தைக் குறைத்துவிடலாமா? ஆடிப்பெருக்கு வேறு வருகிறது.

பதில்:

தம்பி, ஆப்பைத் திட்டாதீர்கள், உடம்பையும் சந்தேகப்படாதீர்கள். தைராய்டு பார்க்க வேண்டுமா என்று யாராவது கிளப்பிவிட்டிருப்பார்கள், அதற்கு முன்னால் உங்கள் கடிதத்தையே இன்னொரு முறை படியுங்கள், பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

நீங்கள் பொய் எழுதவில்லை என்பது எனக்குத் தெரியும். இது எல்லோருக்கும் நடப்பது. 1992இல் நியூயார்க்கில் ஓர் ஆய்வு செய்தார்கள். நாங்கள் 1200 கலோரிக்குக் கீழேதான் சாப்பிடுகிறோம், ஆனாலும் எடை இறங்கவில்லை என்று உறுதியாகச் சொன்னவர்களை எடுத்துக்கொண்டு உடம்பு உண்மையில் எவ்வளவு செலவழிக்கிறது என்று அளந்து பார்த்தார்கள். அவர்கள் எழுதி வைத்த கணக்கு, உண்மையில் சாப்பிட்டதைவிடச் சராசரியாக 47 சதவீதம் குறைவாக இருந்தது. கிட்டத்தட்ட பாதி! அவர்களோடு ஒப்பிட்டால் நீங்கள் பரவாயில்லை.

சாம்பாருக்கு வருவோம். ஆப்பில் இருக்கும் அத்தனை எண்ணும் ஒருவகையில் சரிதான், யாரோ ஒருவர் வீட்டு சாம்பார் அது. ஆறு பேருக்கு 150 கிராம் துவரம்பருப்பு போட்டால் அது 500 கலோரி. கத்தரிக்காய், முருங்கைக்காய் எல்லாம் சேர்ந்து 100, தாளிக்க இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் 250, புளி, பொடி வகையறா 60 என்று வையுங்கள். மொத்தம் 910. பாத்திரத்தில் இரண்டு லிட்டர் நின்றால் 200 மில்லி கப்புக்கு 90 வரும். அதே சாம்பாரில் அரை மூடி இல்லை, ஒரு முழு மூடித் தேங்காயும் கொத்தமல்லி விதை, கடலைப்பருப்பும் வறுத்து அரைத்து விட்டால் மொத்தம் 1450ஐத் தாண்டும், கப்புக்கு 145. அதையே இன்னும் கொதிக்க வைத்துக் கெட்டியாக ஒன்றரை லிட்டருக்கு இறக்கினால் 195. தண்ணீருக்குக் கலோரி கிடையாது, ஆனால் அது எவ்வளவு நிற்கிறது என்பதை வைத்து ஒரு கரண்டியின் கணக்கே மாறிவிடுகிறது. ஆகவே கரண்டியைப் பார்த்து, கிண்ணத்தைப் பார்த்து ஆப்பில் தேடுவது வீண் வேலை. அடுப்பில் ஏறும் முன் பச்சையாக என்ன போனது, அதை எத்தனை பேர் சாப்பிட்டார்கள், அதில் என் பங்கு எவ்வளவு. வீட்டுச் சமையலுக்கு இதைத் தவிர வேறு வழி இல்லை.

அதற்காக அம்மா பக்கத்தில் தராசோடு நிற்கச் சொல்லவில்லை. அம்மாவின் கை அளவு கை அளவாகவே இருக்கட்டும். அவர் அரிசி அளக்கப் புழங்கும் உழக்கு, பருப்பு அள்ளும் டம்ளர், எண்ணெய்த் தூக்கில் கிடக்கும் கரண்டி, காபி டம்ளர் இந்த நான்கையும் அவர் மதியம் கண்ணயரும் நேரத்தில் ஒரே ஒரு தடவை அளந்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அளவு தெரிந்த பிறகு அம்மாவிடம் 'இன்னைக்கு எத்தனை உழக்கு போட்ட' என்று கேட்டால் போதும், அது எந்த வீட்டிலும் கேட்கிற கேள்விதான், கோபம் வராது.

உழக்கை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மருத்துவமனையில், 'சாதம் 1 கப்' என்று அச்சடித்த தாளை வருகிறவர்களுக்கெல்லாம் நீட்டிக்கொண்டிருந்தேன். ஒரத்தநாடு பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார், விவசாயி. ஒரு மாதம் கழித்துத் திரும்ப வந்தபோது இரண்டு கிலோ ஏறியிருந்தார், தாளில் இருப்பதைத் தவிர ஒரு பருக்கை கூடச் சாப்பிடவில்லை என்று சத்தியம் செய்தார். எந்தக் கப் ஐயா என்று கேட்டேன். அடுத்த முறை மஞ்சள் பையிலிருந்து அரைப்படியை எடுத்து மேஜைமேல் வைத்தார். தப்பு என்னுடையது. அதிலிருந்து 'கப்' என்ற சொல்லையே நான் எழுதுவதில்லை.

அரிசியைப் பார்ப்போம். என் வீட்டுப் பித்தளை உழக்கில் தலை தட்டி அளந்தால் புழுங்கலரிசி 270 கிராம் வருகிறது. கோபுரமாக அள்ளினால் 300ஐத் தாண்டும். உங்கள் வீட்டு உழக்கு வேறாக இருக்கலாம், ஊருக்கு ஊர் மாறும், பழைய பாத்திரம் நசுங்கியும் இருக்கும். அரிசி 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 கலோரி. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவு அட்டவணையும் அதை ஒட்டித்தான் சொல்கிறது. மூன்று உழக்கு என்றால் 810 கிராம், சுமார் 2850 கலோரி. சாதத்தை ஒருநாள் மட்டும் பாத்திரத்தோடு நிறுத்து, காலிப் பாத்திரத்தின் எடையைக் கழியுங்கள். 2300 கிராம் வந்தால் ஒரு கிராம் சாதத்துக்கு ஒன்றேகால் கலோரி. உங்கள் தட்டில் இரண்டு முறை போட்டுக்கொள்வது, குழம்புக்கு ஒன்று மோருக்கு ஒன்று, எப்படியும் 450 கிராம் இருக்கும். டெல்டாவில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஆளின் மதியச் சாப்பாட்டை நானும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். அது 560 கலோரி. நீங்கள் போட்டது 400.

வடித்த சாதம்தானே, கஞ்சியோடு போய்விடுமே என்று கேட்பீர்கள். கொஞ்சம் மாவுச்சத்து போகும், உண்மை. ஆனால் அந்தக் கஞ்சி மாட்டுக் கழுநீர்ப் பானைக்குப் போகிறதா, உப்புப் போட்டு பதினோரு மணிக்கு உங்கள் கைக்கு வருகிறதா என்றும் பாருங்கள். பெரிய தள்ளுபடி எதையும் அதற்காக எழுதிக்கொள்ள வேண்டாம்.

எண்ணெய்தான் பெரிய இடம். இதைச் சமையலறையில் நின்று பிடிக்கவே முடியாது. தாளிப்பு, வதக்கல், தோசைக்கல்லில் சுற்றி விடுவது, இட்லிப் பொடியில் குழி பறித்து ஊற்றுவது, வத்தக்குழம்பில் எண்ணெய் பிரிந்து மேலே மிதந்தால்தான் இறக்குவேன் என்று நிற்பது, எத்தனை இடத்தில் போய் டீஸ்பூனை நீட்டுவீர்கள்? மளிகைக் கணக்கை எடுங்கள், அது பொய் சொல்லாது. மாதம் ஏழு லிட்டர் என்கிறீர்கள். சாமி விளக்குக்கும் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கும் அரை லிட்டர் நல்லெண்ணெய் கழித்துவிடுவோம். மீதி ஆறரை லிட்டர். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 915 கிராம்தான், ஆகவே ஆறு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நெய் அரை கிலோவைச் சேர்த்தால் மொத்தம் கிட்டத்தட்ட ஆறரை கிலோ. ஆறு பேர், முப்பது நாள். தலைக்கு ஒரு நாளைக்கு 36 கிராம். கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, ஆக 320. மூன்று டீஸ்பூன் என்று நீங்கள் எழுதுவது 125தான். இங்கேயே 200 காணாமல் போயிருக்கிறது. நடவுக்கு ஆள் வந்து வீட்டில் சாப்பிட்ட நாள்கள் இருந்தால் அந்தத் தலைகளையும் வகுத்தலில் சேர்த்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் குறையும்.

இது அதிகமா என்று கேட்பீர்கள். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 2000 கலோரிச் சாப்பாட்டுக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம் என்று போட்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அதற்கு மேலேதான், ஆனால் பயப்படுகிற அளவு இல்லை. என்னிடம் வருகிற வீடுகளில் பாதிக்கு மேல் இதைவிட அதிகம்.

காபியைப் பற்றி எழுதும்போது எனக்கே சங்கடமாக இருக்கிறது, நானும் கும்பகோணத்துக்காரி. ஆப்பில் இருக்கும் 60 கலோரிக் காபி யாரோ தண்ணிப் பாலில் போட்டது. எருமைப் பால் 100 மில்லிக்கு 107 கலோரி, பசும்பால் 70ஐ ஒட்டி, கொழுப்பு குறைத்த பாக்கெட் பால் இன்னும் கீழே. டம்ளருக்கு 100 மில்லி பால், இரண்டு ஸ்பூன் சர்க்கரை 40 கலோரி, ஆக ஒரு காபி 145க்கு மேல். மூன்று காபி 440. நீங்கள் எழுதியது 180. அம்மா பாலில் தண்ணீர் கலந்து காய்ச்சினால் குறையும், ஆனால் திருவையாறு பக்கத்தில் சொந்த எருமை வைத்திருக்கிற வீட்டில் அதைச் செய்வார்கள் என்று நான் நம்பவில்லை. சர்க்கரைக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிடாதீர்கள், கலோரிக் கணக்கில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். அதே பாலில் தோய்த்த தயிருக்கும் பால் கணக்கையே போடுங்கள். மோராகக் கடைந்து வெண்ணெய் எடுத்துவிட்டால் மட்டும் கவலை இல்லை.

தேங்காய் கொல்லையில் விழுவதால் கணக்கிலேயே வருவதில்லை, காசு கொடுத்து வாங்கினால்தான் நமக்கு அது பொருள். ஒரு காயின் பருப்பு 250 கிராம் இருந்தால் 900 கலோரியைத் தாண்டும். சட்னி, பொரியல், கூட்டு என்று தினம் ஒரு காய் உடைக்கிற வீட்டில் தலைக்கு 150. நீங்கள் சட்னியைப் பதிவதால் பாதிக்கு மேல் ஏற்கெனவே வந்திருக்கும், பொரியலில் தூவுவது 50, 60 விடுபட்டிருக்கும். கடப்பா செய்கிற ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள், உருளைக்கிழங்கு, பாசிப்பருப்பு, தேங்காய் மூன்றும் அதில் கூடி நிற்கின்றன.

ரசம், கீரை, பூசணிக்காய், சுரைக்காய், நீர்மோர், ஊறுகாயில் தொட்டுக்கொள்ளும் துளி, இவற்றை எழுதவே வேண்டாம். நேரம்தான் வீண்.

இட்லி மாவுக்கு ஒரு தடவை மட்டும் மெனக்கெடுங்கள். 800 கிராம் அரிசி, 200 கிராம் உளுந்து, இரண்டும் சேர்ந்து 3480 கலோரி. அரைத்து முடித்த மாவு இரண்டரை கிலோ இருந்தால் 100 கிராம் மாவுக்கு 140. உங்கள் வீட்டு இட்லிக் குழியில் 45 கிராம் மாவு பிடித்தால் ஒரு இட்லி 60 சொச்சம். தோசைக்கு 80 கிராம் ஊற்றினால் 110. எண்ணெயை இங்கேயும் சாம்பார் கணக்கிலும் மறுபடி சேர்க்காதீர்கள், அதைத்தான் மாதக் கணக்கில் தலைக்கு 320 என்று முதலிலேயே பிடித்துவிட்டோமே. இதை மறந்துவிட்டு இரண்டு தடவை எண்ணெய் எழுதி மிரண்டுபோனவர்கள் உண்டு.

சரி, கூட்டுவோம். காபியில் 260, எண்ணெயில் 200, சாதத்தில் 160, தேங்காயில் 50. சுமார் 670. உங்கள் 1750 உண்மையில் 2420. உங்கள் வயதுக்கும் உயரத்துக்கும் எடைக்கும், உட்கார்ந்தே வேலை செய்கிறவருக்கு ஒரு நாள் செலவு 2200ஐ ஒட்டி இருக்கும். தினம் 200 கலோரி கூடினால் மூன்று மாதத்தில் 18,000. ஒரு கிலோ கொழுப்புக்கு 7700 என்ற பொதுக் கணக்கில் இரண்டேகால் கிலோவுக்கு மேல். நீங்கள் சொன்ன இரண்டரை கிலோவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. இவ்வளவு அழகாகப் பொருந்துவது கொஞ்சம் அதிர்ஷ்டம், வழக்கமாக இங்கே அங்கே இடிக்கும். ஆனால் தைராய்டுக்கு வேலை இல்லை என்று தெரிகிறதல்லவா.

ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மாவுச்சத்து, புரதம், கொழுப்பு மூன்றுக்கும் கிராமுக்கு 4, 4, 9 என்று நாம் போடும் கணக்கே பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அட்வாட்டர் என்ற அமெரிக்கர் வகுத்த சராசரிதான், எனவே பத்து இருபது கலோரிக்கு மல்லுக்கட்டுவதில் அர்த்தம் இல்லை. நோட்டில் வரும் எண் நூறு தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, தினமும் ஒரே மாதிரி தப்பாக இருக்கட்டும். அதைத் திருத்த எடை மெஷின் இருக்கிறது. காலையில் கழிப்பறைக்குப் போய் வந்த பின், தண்ணீர்கூடக் குடிக்காமல், தினம் ஏறுங்கள், ஏழு நாள் சராசரியை மட்டும் பாருங்கள். மூன்று வாரம் சராசரி அசையவில்லை என்றால் நோட்டு என்ன சொன்னாலும் நீங்கள் சாப்பிடுவது செலவுக்குச் சமம் என்று அர்த்தம், அதிலிருந்து 200 குறையுங்கள்.

இப்போது எதைக் குறைப்பது? மூன்றாவது காபியை விடுங்கள், 145. மதியச் சாதத்தில் 100 கிராம், 125. எண்ணெயைத் தலைக்கு 27க்கு இறக்கினால் 80. மொத்தம் 350. 2420 என்பது 2070 ஆகும், 2200 செலவைவிட 130தான் குறைவு, ஆகவே மாதம் அரை கிலோதான் இறங்கும், சென்னையில் இறங்கிய வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். அங்கே முட்டையும் தயிரும் இருந்தன, இங்கே புரதம் குறைந்து சாதம் கூடியிருக்கும், அதனால் நாலு மணிக்கே பசிக்கும். ஒரு கிண்ணம் சுண்டலோ இரண்டு முட்டையோ சேர்த்துக்கொண்டால் சாதத்தைக் குறைத்தது உறைக்காது, அதன் கலோரியையும் மறக்காமல் எழுதுங்கள். சாயங்காலம் ஆற்றங்கரையில் முக்கால் மணி நேரம் நடந்தால் கூடுதல் லாபம்.

மாப்பிள்ளைச் சம்பா நல்ல அரிசி, நார்ச்சத்து கூட, மென்று சாப்பிட வேண்டியிருக்கும், அதனால் குறைவாக இறங்கும். ஆனால் உழக்குக்கு உழக்கு கலோரி பொன்னியைப் போலத்தான். பழையதும் அப்படியே, நேற்றைய சாதத்தின் கலோரி எங்கேயும் ஓடிவிடவில்லை, தண்ணீர் சேர்ந்து வயிறு சீக்கிரம் நிறைகிறது, அவ்வளவு. கூட மூன்று மோர் மிளகாய் பொரித்துப் போட்டுக்கொள்வீர்கள், அதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அம்மாவிடம் எண்ணெய்ப் பேச்சை நேராக எடுக்காதீர்கள். எண்ணெய் வாங்கி வருவது நீங்களோ அப்பாவோதானே, அடுத்த மாதம் ஆறு லிட்டர், அதற்கடுத்த மாதம் ஐந்தேகால் லிட்டர் என்று வாங்கி வந்து, வாரத்துக்கு ஒரு பங்கு என்று தூக்கில் ஊற்றி வையுங்கள். தூக்கில் குறைவாக இருந்தால் கை தானே சுருங்கும். எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது ஊட்டச்சத்துப் படிப்பு இல்லை, என் மாமியார். தராசைத் தட்டுக்குக் கீழே வைப்பது ஒரு வாரம் போதும், அதையும் நீங்களே எடுத்துப் போட்டுக்கொள்ளும் வேளையில் செய்யுங்கள். எந்தக் கோடு வரை சாதம் என்று கண் பழகிவிடும், பிறகு தராசைப் பரணில் போடுங்கள். அம்மா பரிமாறும்போது வேண்டாம் என்று கையைக் குறுக்கே நீட்டுவதைவிட, முதலிலேயே குழம்பு சாதத்துக்குக் காயை அதிகம் கேட்டு வாங்குங்கள், அவருக்கும் மனசு நிறையும்.

அப்பா விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவருக்குத் திடீரென்று சாதத்தைப் பாதியாக்கினால், மருந்து பழைய அளவில் இருக்கும்போது, சர்க்கரை மிகவும் கீழே இறங்கி மயக்கம் வரை போகலாம். அவருடைய டாக்டரிடம் கேட்டு, மருந்தையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். உங்கள் நோட்டு உங்களோடு இருக்கட்டும்.

ஆடிப்பெருக்கு அன்றைக்குப் புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று ஆற்றங்கரைக்குக் கட்டிக்கொண்டு போய் உட்காரும்போது போனை எடுத்துத் தேடாதீர்கள், நன்றாக இருக்காது. நோட்டில் 'பெருக்கு' என்று ஒரு சொல் மட்டும் எழுதுங்கள். மறுநாள் எடை ஒரு கிலோ கூடக் காட்டினாலும் காட்டும். பெரும்பாலும் உப்பும் தண்ணீரும்தான், சில நாளில் இறங்கிவிடும், அதற்காகப் பட்டினி கிடக்க வேண்டாம். அப்புறம், உங்கள் வீட்டு உழக்கு எத்தனை கிராம் வந்தது என்று எனக்கு எழுதுங்கள். டெல்டாவில் உழக்கு எத்தனை விதம் என்று நானும் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன்.